ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு பொதுக் காலண்டர்: ஐந்து வருட அனுபவம்

திருப்பூரில் ஒன்பது பேர் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸ் எங்களுடையது. இங்கே எல்லாமே தேதிதான். 7ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் கணக்கு), மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சின்ன பார்ட்டிகளுக்கு (வாடிக்கையாளர்களை அப்படித்தான் சொல்வோம்) 22. 3பி ஒரு நாள் தள்ளிப்போனாலே 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி, அதற்கெல்லாம் மேலே பார்ட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலை.

2021 வரை சுவரில் மாட்டிய மாதக் காலண்டரும் வாட்ஸ்அப் குழுவும்தான் துணை. கொரோனாவில் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்ததும் சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆளில்லை, குழுவில் போட்ட தேதி மதியத்துக்குள் மேலே எங்கோ போய்விடும். முதலில் காசு கொடுத்து ஒரு செயலி வாங்கினோம். அதில் எல்லா வசதியும் இருந்தது, ஆனால் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் என்று இருந்ததால் மூன்றாவது மாதம் என்னைத் தவிர யாரும் அதைத் திறக்கவில்லை. அப்புறம்தான் கூகுள் காலண்டருக்கு வந்தோம். காரணம் ரொம்ப எளிது, எல்லோர் போனிலும் ஜிமெயில் ஏற்கெனவே இருந்தது. சின்ன ஆபீஸுக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு.

ஆரம்பத்தில் ஒரே காலண்டரில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம். இப்போது மூன்று வைத்திருக்கிறோம்: கெடு தேதிகள், பார்ட்டி விசிட், லீவு. லீவுக் காலண்டர் இவ்வளவு உதவும் என்று நினைக்கவே இல்லை. ஆர்ட்டிக்கிள் பையன்களுக்கு, அதாவது எங்களிடம் பயிற்சிக்கு இருக்கும் சி.ஏ. மாணவர்களுக்கு, சி.ஏ. தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை வருகிறது, செப்டம்பர் 30 வரி ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாள், இரண்டும் மோதும். முகூர்த்த நாள்களையும் வருடத் தொடக்கத்திலேயே அதில் ஏற்றிவிடுகிறேன், அன்றைக்கு யார் ஊரில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நாங்கள் தாமதமாகக் கற்ற ஒரு விஷயம், பொதுக் காலண்டரில் நினைவூட்டல் அவரவருக்குத் தனி. நான் இரண்டு நாள் முன்பு அடிக்க வைத்தால் என் போனில் மட்டும்தான் அடிக்கும். எல்லோருக்கும் அடிக்கும் என்று நம்பி இரண்டு மாதம் ஓட்டினோம். இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே போனை வாங்கி அந்த அமைப்பைச் சரி செய்து கொடுக்கிறேன். ஐபோனின் சொந்தக் காலண்டர் செயலியில் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூகுளின் சின்க் செலக்ட் பக்கத்துக்குப் போய் எந்தெந்தக் காலண்டர் வேண்டும் என்று டிக் செய்தால்தான் பகிர்ந்தவை அதில் தெரியும். எங்கள் பெரிய சார் "எனக்கு எதுவுமே வரலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான்.

யார் மாற்றலாம் என்ற அனுமதியைத்தான் தேர்வு செய்யும்போதே யோசித்திருக்க வேண்டும், நாங்கள் யோசிக்கவில்லை. 2025 தீபாவளி அக்டோபர் 20இல் வந்ததால் அந்த மாத 3பி கெடுவை 25க்குத் தள்ளினார்கள். நல்லெண்ணத்தில் ஒரு தம்பி காலண்டரில் மாற்றும்போது 'இந்த நிகழ்வு மட்டும்' என்பதற்குப் பதிலாக 'எல்லா நிகழ்வுகளும்' என்பதைத் தொட்டுவிட்டான். எல்லா மாதமும் 25 ஆகிவிட்டது. நவம்பர் 18ஆம் தேதி எங்கள் சீனியர் அக்கா, இன்னும் சுவர்க் காலண்டரில் பேனாவால் வட்டம் போடுகிறவர், "20 தானே, இதுல ஏன் 25 காட்டுது?" என்று கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டே நாளில் முப்பத்திரண்டு பார்ட்டிக்கு ஓடி ஓடி முடித்தோம்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் மாற்றும் உரிமை கொடுத்தது நான். இப்போது கெடு தேதிக் காலண்டரில் அக்காவும் நானும் மட்டும்தான் கை வைக்கலாம், மற்றவர்கள் பார்க்க மட்டும். விசிட்டிலும் லீவிலும் எல்லோரும் எழுதலாம். பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடும் பெட்டி டிக் ஆகாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன், உள்ளே பார்ட்டிகளின் பெயர் இருக்கிறது அல்லவா.

இன்னொன்று, காலண்டரை யாருடைய சொந்த ஜிமெயிலிலும் தொடங்காதீர்கள். எங்கள் விசிட் காலண்டரைத் தொடங்கியவர் 2023இல் வேறு வேலைக்குப் போய்விட்டார். தன் ஜிமெயில் கணக்கை அழிப்பதற்கு முன் அவரே நினைவாக போன் செய்து சொன்னதால் எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து ஆபீஸ் கணக்கில் போட முடிந்தது.

2025 செப்டம்பர் 15 இரவு, வருமான வரிக் கணக்கு தாக்கலுக்கு இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்த அறிவிப்பு பன்னிரண்டு மணி நெருங்கும்போது வந்தது. அக்கா வீட்டிலிருந்தே தேதியை 16க்கு மாற்றினார். காலையில் ஆபீஸுக்கு வந்த ஒருவர்கூட என்னிடம் தேதி கேட்கவில்லை, அவரவர் ஃபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.