அமெரிக்கச் சுதந்திரப் பிரகடன நகல் செட்: தாள் சுமார், சரக்கு கனம்

பிலடெல்பியா போகிறவர்கள் கண்ணில் இது படாமல் இருக்காது. அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை விட்டுப் பிரிவதாக அறிவித்த சுதந்திரப் பிரகடனம், அரசியலமைப்புச் சட்டம், உரிமை மசோதா மூன்றையும் பழுப்புத் தாளில் அச்சடித்துச் சுருட்டி, ஒரு கவரில் போட்டு நினைவுப்பொருள் கடைகளில் விற்கிறார்கள். எனக்குப் பத்து டாலருக்குள் கிடைத்தது. வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஆனால் சுவரில் மாட்ட இல்லை, உட்கார்ந்து படிக்க.

முதலில் குறைகள். பழசு மாதிரி தெரிய வேண்டும் என்று தாளைக் கசக்கி ஓரத்தையெல்லாம் கருக வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகையில் ராஜ ஓலை மாடல் என்று ஒன்று வருமே, அந்த ரகம். சுருள் லேசில் விரியாது, நாலு மூலையிலும் எதையாவது வைத்து அமுக்கினால்தான் படிக்கலாம். அரசியலமைப்புச் சட்டம் அசலில் நாலு பெரிய பக்கம். அதை ஒரே தாளில் திணித்ததில் எழுத்து பொடியாகி, அந்தத் தாள் சும்மா பேருக்குத்தான்.

பிரகடனத் தாள் மட்டும் அருமை. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிற அசலில் மை வெளிறி, பெரும்பகுதி படிக்க முடியாத நிலை. வில்லியம் ஸ்டோன் என்பவர் 1823-ல் செம்புத் தகட்டில் செதுக்கி முடித்த பிரதிதான் இன்று புழங்கும் பெரும்பாலான நகல்களுக்கு மூலம். அதனால் கடையில் வாங்குவது அசலைவிடப் படிக்கத் தோதாக இருக்கிறது. எழுதும்போது விட்டுப்போன ஒரு சொல்லை வரிக்கு மேலே இடுக்கிச் சேர்த்திருப்பதுகூடத் தெரிகிறது. தலையில் 1776 ஜூலை 4 என்று இருந்தாலும் அன்றைக்கே எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை, பெரும்பாலானவர்கள் போட்டது ஆகஸ்ட் 2-ல். தலைப்பில் இருக்கிற ‘ஒருமனதான’ என்ற சொல்லும் நியூயார்க் ஜூலை 9-ல் சம்மதித்த பிறகு வந்து ஒட்டியதுதான்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்ற இரண்டாவது பத்தியை. அதைத் தாண்டி நடுப்பகுதிக்குப் போங்கள், அங்கேதான் விஷயம். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மேல் வரிசையாக 27 புகார். நாங்கள் போட்ட சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுக்கிறார், நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கைக்குள் வைத்திருக்கிறார், சண்டை இல்லாத காலத்திலும் எங்களைக் கேட்காமல் படையை நிறுத்துகிறார், விசாரணை என்று கடல் தாண்டி இழுத்துப் போகிறார், எங்களை அலைக்கழித்துப் பணிய வைக்கவே சட்டசபையை ஆவணங்களுக்கு எட்டாத தொலைவில் கூட்டுகிறார் என்று போகிறது. அந்தத் தொலைவுப் புகாரை எழுதியவர் நன்றாக நொந்துபோயிருந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்ன காரணம் வரி. இந்தப் பட்டியலில் அதற்கு ஒரே ஒரு சின்ன வாக்கியம்தான். தேயிலை விவகாரத்தையே பாருங்கள்: 1773 தேயிலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கைதூக்கிவிடப் போட்டது, ஆமாம், சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்த அதே கம்பெனிதான், அந்தச் சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலை விலை குறையத்தான் இருந்தது, அப்படியும் அந்த டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டியைக் கடலில் கொட்டினார்கள். எவ்வளவு வரி கேட்கிறாய் என்பதல்ல, எங்களுக்கு ஆள் இல்லாத பிரிட்டிஷ் சபையில் உட்கார்ந்துகொண்டு கேட்க நீ யார் என்பதுதான் சண்டை. நில ஆசையும் இருந்தது. அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறாதே என்று 1763-ல் மன்னர் போட்ட கோடு பல பேரை உறுத்திக்கொண்டிருந்தது, புகார்களில் ஒன்று புது நிலம் வாங்குவதை மன்னர் கடினமாக்கிவிட்டார் என்பதே.

பட்டியலின் கடைசிப் புகாரைப் படிக்கும்போது தாளைக் கீழே வைத்துவிடலாமா என்று இருக்கும். பூர்வகுடிகளை ‘இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்’ என்கிறது. பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் வரைவில் அடிமை வியாபாரத்தையும் மன்னர் தலையில் போட்டுத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தார், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு அதை அடித்துவிட்டது, ஆகையால் இந்த நகலில் தேடினாலும் கிடைக்காது. எழுதியவரோ தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தவர். இதைப் பற்றி ஒரு வரிகூட உள்ளே இருக்கிற விளக்கச் சீட்டில் இல்லை, இந்த செட்டில் எனக்குப் பிடிக்காதது இதுதான், கருகின ஓரம்கூட அப்புறம்தான்.

இன்றைக்கு இதற்கு என்ன மதிப்பு? நீதிமன்றத்தில் சட்டம் என்று நிற்பது அரசியலமைப்பு, பிரகடனம் அல்ல. ஆனால் இதில் சேர்க்கப்படாதவர்கள்தான் இதை அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1848-ல் நியூயார்க் மாநிலத்து செனிகா ஃபால்ஸில் உரிமை கேட்டுக் கூடிய பெண்கள் இதே அமைப்பில் தங்கள் புகார்ப் பட்டியலை எழுதினார்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1852-ல், உங்கள் ஜூலை 4 அடிமைக்கு என்ன என்று கேட்டார். 1945-ல் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தபோது தொடங்கியதே இந்த இரண்டாவது பத்தியின் வரிகளோடு.

சரி, வாங்குகிறவர்களுக்கு: சுருட்டாத தாள் கிடைத்தால் அதை எடுங்கள், மூன்று தேவையில்லை, பிரகடனம் ஒன்று போதும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே தெளிவான படம் இலவசமாக இருக்கிறது, ஏ3 தாளில் பிரிண்ட் போட்டால் எழுத்து படிக்கிற அளவுக்கு வரும்.