30 ரிவியூ கேரண்டின்னு காசு வாங்கி என் புக்கோட பேரையே கெடுத்துட்டாங்க, யாரும் ஏமாறாதீங்க

முதல் புக்கை சொந்தமா போடப் போறவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. கொஞ்சம் நீளமாதான் இருக்கும். நாலு மாசம் முன்னாடி யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தா நான் மாட்டியிருக்கவே மாட்டேன்.

ஆறு வருஷமா எழுதின நாவல். பதிப்பாளருக்காக காத்திருக்காம நானே போடலாம்னு முடிவு பண்ணி ஆன்லைன் கடையில ப்ரீ-ஆர்டர் (ரிலீஸுக்கு முன்னாடியே வாசகர்கள் ஆர்டர் பண்ணிக்கிறது) திறந்து வெச்சிருந்தேன். ரிலீஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு மெயில் வந்துச்சு. ஏஆர்சி சர்வீஸாம், அதாவது புக் வெளிவர்றதுக்கு முன்னாடி வாசகர்களுக்கு ஓசியா அட்வான்ஸ் காப்பி அனுப்பி ரிவியூ வாங்கித் தர்றவங்க. "எங்ககிட்ட ஆயிரக்கணக்குல வாசகர்கள் இருக்காங்க சார், 30 ரிவியூ கேரண்டி, எல்லாமே 4 ஸ்டாருக்கு மேல, ரிலீஸ் அன்னிக்கே ஏறிடும்"னு போன்லயும் பேசினாங்க. அட்டைப்படத்துக்கும் பிழை திருத்தினவருக்கும் சேர்த்து நான் கொடுத்ததை விட அதிகமா கேட்டாங்க, கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொரு தொகை. எதுக்குன்னு கேட்டா, வாசகர்களே புக்கை காசு கொடுத்து வாங்கிற மாதிரி வாங்குவாங்க, அந்தக் காசை நாம அவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடணும், அப்பதான் "வெரிஃபைட் பர்ச்சேஸ்"னு முத்திரை விழும்னாங்க. அந்த இடத்துலயே நான் எழுந்து ஓடியிருக்கணும். ஓசிக் காப்பி படிச்சவங்க ரிவியூவுக்கு அந்த முத்திரை வராது, அது இல்லாமலே ரிவியூ போடலாம், அதுல ஒரு தப்பும் இல்ல. காசைத் திருப்பிக் கொடுத்து வாங்க வெக்கிறதுதான் கடையை ஏமாத்துற வேலை. இது அப்ப எனக்குத் தெரியல.

இதுக்கு நடுவுல நானே என் எழுத்தைத் தொடர்ந்து படிக்கிற அஞ்சு பேருக்கு காப்பி அனுப்பியிருந்தேன். அதைக் கேள்விப்பட்டதும் சர்வீஸ்காரங்க ஒரு வரி அனுப்பி, "உங்க ஆளுங்களையும் ரிவியூ ஆரம்பத்துல இதைப் போடச் சொல்லுங்க சார், ரூல் படி கட்டாயம்"னாங்க. வரி இதுதான்: "இலவசப் பிரதிக்குப் பதிலாக இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்." நானும் நம்பி அப்படியே ஃபார்வர்ட் பண்ணிட்டேன்.

ரிலீஸ் அன்னிக்கு ராத்திரிக்குள்ள 11 ரிவியூ, மூணாவது நாள் 27. முதல்ல சந்தோஷமாதான் இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சேன். நாலு ரிவியூல "கதாபாத்திறங்கள் மனதில் நிற்கின்றன"ன்னு ஒரே வாக்கியம், நாலுலயும் அதே பெரிய "ற". இன்னொருத்தர் கதாநாயகியோட காதல் மனசைத் தொட்டுச்சுன்னு எழுதியிருந்தார். என் நாவல் ஒரு கிணத்துக்காக பேச்சுவார்த்தை இல்லாம போன ரெண்டு அண்ணன் தம்பி கதை, அதுல கதாநாயகியே கிடையாது. ஒரு அக்கவுண்ட்டைத் தொட்டுப் பார்த்தா அதே நாள்ல போன் கவர், பிரஷர் குக்கர், என் நாவல், மூணுக்கும் அஞ்சு ஸ்டார்.

ஒன்பதாவது நாள் காலையில பார்த்தா பக்கம் காலி. அந்த 27 மட்டும் போயிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன், என் அஞ்சு பேரோட ரிவியூவும் சேர்ந்து போயிடுச்சு. வழக்கத்துக்கு மாறான ரிவியூ நடமாட்டம் தெரியுதுன்னும் இப்போதைக்கு இந்தப் புக்குக்கு ரிவியூ எழுத முடியாதுன்னும் ஒரு அறிவிப்பு மட்டும் கிடந்துச்சு.

அந்த அஞ்சு பேர்ல ஒருத்தங்க ஓய்வு பெற்ற டீச்சர். 14-வது அத்தியாயத்துல தம்பி ராத்திரியில யாருக்கும் தெரியாம அந்தக் கிணத்துல இறைச்சு அண்ணன் வயலுக்குத் தண்ணி விடுவான், அதைப் பத்தி மட்டுமே ரெண்டு பத்தி எழுதியிருந்தாங்க. இது வரைக்கும் என் எழுத்தை யாரும் அப்படிப் படிச்சதில்ல. அன்னிக்கு மத்தியானம் அவங்ககிட்டருந்து மெசேஜ்: "தம்பி, என் விமர்சனத்தைக் காணோமே, நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?" அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம ரொம்ப நேரம் போனையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

சர்வீஸ்காரங்களைக் கேட்டா, "போட்டுக் கொடுக்கிறதுக்குதான் சார் கேரண்டி, கடை எடுத்தா நாங்க பொறுப்பில்ல"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் கூசாம, எடுத்த ரிவியூவை மீட்கிற பேக்கேஜ்னு இன்னொரு தொகை கேட்டாங்க. நான் பணம் போட்டது கம்பெனி கணக்கே இல்ல, யாரோ ஒருத்தரோட தனிக் கணக்குன்னு அப்பதான் கவனிச்சேன். இப்ப அந்த நம்பரும் எடுக்கிறதில்ல.

அதுக்கப்புறம்தான் உக்காந்து விதிகளைப் படிச்சேன். அமேசானையே எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் வெளிப்படையாவே எழுதி வெச்சிருக்காங்க. ஓசிக்குப் பொருள் கொடுத்து அதுக்குக் கைமாறா ரிவியூ வாங்கிறதை 2016 அக்டோபர்ல தடை பண்ணிட்டாங்க, ஆனா புத்தகத்துக்கு மட்டும் அட்வான்ஸ் காப்பி கொடுக்கிற பழக்கத்தை விட்டு வெச்சிருக்காங்க. நிபந்தனை என்னன்னா, ரிவியூ எழுதியே ஆகணும்னு கேட்கக் கூடாது, நல்லா எழுதுங்கன்னும் கேட்கக் கூடாது. அப்படின்னா நான் ஃபார்வர்ட் பண்ணின அந்த வரியில இருக்கிற "பதிலாக"ங்கிற ஒரு சொல் எவ்வளவு பெரிய தப்புன்னு பாருங்க. ஒரு கைமாறும் எதிர்பார்க்காம எழுதினவங்க வாயாலயே இது பண்டமாற்றுன்னு சொல்ல வெச்சிருக்கேன். ஓசிக் காப்பி கிடைச்சதைச் சொல்றதுதான் முறை, "ஆசிரியர் இலவசமா ஒரு பிரதி கொடுத்தார், இது என் சொந்தக் கருத்து"ன்னு எழுதினாலே போதும்.

"ரிலீஸ் அன்னிக்கே ஏறிடும்"ங்கிறதும் வெறும் ஆசை வார்த்தைதான். ப்ரீ-ஆர்டர்ல இருக்கிற புக்குக்கு சாதாரண வாசகர் அமேசான்ல ரிவியூ போட முடியாது, அதனால நிஜமான ஏஆர்சி வாசகர்கள் ரிலீஸுக்கு அப்புறம் அவங்கவங்க நேரத்துக்கு மெதுவாதான் போடுவாங்க. எல்லாராலயும் போடவும் முடியாது. அமேசான் டாட் காம்ல ரிவியூ எழுதணும்னா கடந்த 12 மாசத்துல குறைஞ்சது 50 டாலருக்கு அங்க வாங்கியிருக்கணும். சொந்தக்காரங்க, நெருங்கின நண்பர்கள் ரிவியூவும் நிக்காது, எழுத்தாளர்கள் மாத்தி மாத்தி எழுதிக்கிறதும் நிக்காது. இவ்வளவு சல்லடை இருக்கும்போது ஒருத்தர் 30-ன்னு எண்ணிக்கை சொல்லி கேரண்டி கொடுக்கிறார்னா, நிஜ வாசகர்களை வெச்சு அதைக் கொடுக்கவே முடியாது. அட்வான்ஸ் காப்பி கொடுக்கிற நெட்கேலி தளம் மாதிரி ஒழுங்கான இடங்கள்லயும் காசு உண்டு, ஆனா அது காப்பியை வாசகர் கண்ணுல படற மாதிரி வைக்கிறதுக்கு. ரிவியூ வருமா, நல்லா வருமான்னு அவங்க வாக்குக் கொடுக்கிறதில்ல.

இது புதுசாவும் நடக்கல. 50 ரிவியூ 999 டாலர்னு வித்த ஒருத்தரைப் பத்தி நியூயார்க் டைம்ஸ் 2012-லயே எழுதியிருக்கு. 2015-ல போலி ரிவியூ வித்ததா 1,100 பேருக்கு மேல அமேசான் வழக்குப் போட்டுச்சு. அமெரிக்காவுல 2024 அக்டோபர்லருந்து போலி ரிவியூ வாங்கினாலும் வித்தாலும் அரசே அபராதம் கேட்கலாம், அதிகபட்சம் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலரைத் தாண்டியும் போகலாம். விக்கிறவன் மட்டுமில்ல, வாங்கினவனும் குத்தவாளிதான். அதனால நான் கடைக்கு எழுதின கடிதத்துல எதையும் மறைக்கல, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், அந்த வரியை ஃபார்வர்ட் பண்ணினது நான்தான், எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்பியிருக்கேன். எந்தத் தப்பும் பண்ணாத அந்த அஞ்சு பேரோட அக்கவுண்ட்டை ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னுதான் முக்கியமா கேட்டிருக்கேன்.

டீச்சர்கிட்டயும் நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவங்க அந்த ரெண்டு பத்தியையும் நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்களாம், அந்த "பதிலாக" வரியை எடுத்துட்டு, வாசகர்கள் புக்கைப் பத்தி எழுதுற குட்ரீட்ஸ் தளத்துல போட்டுட்டாங்க. கடையில என் பக்கம் இன்னும் திறக்கல.

போன வாரம் தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி முதல் கவிதைப் புக் போடப் போறான்னு சொல்லி, வந்த ஒரு மெயிலைக் காட்டினா. கம்பெனி பேர் வேற, அனுப்பினவர் பேர் வேற. உள்ள அதே "30 ரிவியூ கேரண்டி", அதே "4 ஸ்டாருக்கு மேல", கடைசியில பணம் போட அதே தனிக் கணக்கு. உங்களுக்கும் வந்தா பணம் அனுப்பாதீங்க, மெயிலை அழிக்காம வெச்சு எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, புகார் கொடுக்கிறதுக்காக சேர்த்துட்டு இருக்கேன்.