பழவேற்காடா, சதுரங்கப்பட்டினமா?

சென்னையிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய, கூட்டம் அதிகம் சேராத டச்சுக்காரர் காலத்து ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று வடக்கே பழவேற்காடு. மற்றொன்று தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம். இரண்டையும் பார்த்த பிறகு, வெளியூரிலிருந்து வரும் உறவினர்களைப் பழவேற்காட்டுக்கே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே நடுநிலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பயண வசதியில் பெரிய வேறுபாடில்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும்; சதுரங்கப்பட்டினத்துக்குக் கல்பாக்கம் வரை பேருந்தில் சென்றால் போதும்.

கோட்டையைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் சதுரங்கப்பட்டினத்துக்கே செல்ல வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் செங்கல் மதிலும், கிடங்குகளும், உள்ளேயே டச்சுக் கல்லறைகளும் ஒழுங்காக இருக்கின்றன. பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையோ இன்று புதர் மண்டிய மேடுதான். சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடமாக 1690 வரை விளங்கியது இதுதான் என்று சொன்னால் உடன் வருபவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

இருந்தும் என் தேர்வு மாறாததற்குக் காரணம், ஓர் ஊர் நமக்கு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதே. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை நிதானமாகச் சுற்றினாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு கடற்கரையில் சற்று நிற்கலாம், அல்லது மாமல்லபுரத்துக்குத் திரும்பலாம். தனிப் பயணமாக அது நிற்பதில்லை. மாமல்லபுரத்தின் இணைப்பாகவே அமைகிறது. பழவேற்காட்டிலோ நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் தொடங்கி, தொழுகை நேரத்தை அறிய உதவிய நிழற்கடிகாரம் உள்ள பள்ளிவாசல், செம்பாறாங்கல்லில் இராமாயணக் காட்சிகளைச் சிற்றுருவங்களாக வடித்திருக்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பனையோலைப் பொருட்கள் முடையும் பெண்கள், மீன்பிடிப் படகுகள் வந்து சேரும் ஏரிக்கரை என்று மாலை வரை நடந்துகொண்டே இருக்கலாம். கோட்டை அழிந்தாலும் ஊர் அழியவில்லை. நண்டும் இறாலும் உண்பவர்களுக்கு மதிய உணவும் ஒரு காரணமாகும்.

நான் பழவேற்காட்டைக் குளிர்காலத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நிழல் குறைந்த அந்தத் தெருக்களில் மே மாத வெயிலில் இதே கருத்து நிலைக்குமா என்று உறுதி கூற இயலாது. பூநாரைகளுக்காக மட்டும் புறப்படுபவர்களுக்கும் என் பரிந்துரை பொருந்தாது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையே அவற்றைக் காண ஏற்ற இடம். படகு சவாரியையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்: 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து அதற்குத் தடை விதிக்கப்பட்டது. கரையில் யாரேனும் அழைத்தாலும் ஏறாமல் இருப்பதே நல்லது. குழந்தைகளுடன் சென்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.