தீபாவளி நேரத்தில் வரும் ‘ஹோம்’ அழைப்பு: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே இந்த அழைப்புகள் தொடங்கிவிடும். பேசுவது பெரும்பாலும் ஓர் இளம்பெண்ணின் குரல். மரியாதையான பேச்சு. ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், புதுத்துணி, இனிப்பு, ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. தயங்கினால், “முடிஞ்சதைக் கொடுங்க மேடம், கட்டாயம் இல்ல” என்பார்கள். இப்படி வருகிற எல்லா அழைப்பும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு வந்தது பொய். 48,000 ரூபாய் போனது. அதை எப்படிச் செய்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறேன். அடுத்த பண்டிகைக்கும் இதே வழியில்தான் கேட்பார்கள்.

நாங்கள் இருப்பது சென்னையின் மேற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வெடிச் செலவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ போட்டு, தீபாவளிக்கு ஓர் இல்லத்துக்குக் கொடுப்பது பல வருடப் பழக்கம். வாட்ச்மேன் அண்ணனும், வீட்டுவேலைக்கு வரும் அக்காக்களும்கூடத் தங்களால் ஆனதைத் தருவார்கள். ஓர் அக்கா தன் போனஸிலிருந்து 200 ரூபாய் எடுத்து, “ஒரு பொம்பளப் புள்ளைக்கு வளையல், பொட்டாச்சும் வாங்கிக் குடுங்கம்மா” என்று என் கையில் வைத்தார். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அந்த 200 ரூபாய்தான் முதல் காரணம்.

2023இல் நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் இல்லத்தை நடத்திய சிஸ்டர்கள் வேறு ஊருக்கு மாறிவிட்டார்கள். புது இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. “எங்க ஹோம்ல நாப்பது பசங்க இருக்காங்க மேடம். ஒரு பையனுக்கு டிரஸ், ஸ்வீட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ஆகுது. போன வருஷ ஸ்பான்ஸர் இந்தத் தடவை முடியலன்னுட்டாங்க.” நான் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் டிரஸ்ட் பத்திரத்தின் முதல் பக்கம், பான் அட்டை, நன்கொடை தருபவருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி எண் போட்ட கடிதம், நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் எண் என்று வரிசையாக வந்து விழுந்தன. கூடவே குழந்தைகளின் படங்கள்.

இந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றும் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று பிறகுதான் ஒரு தணிக்கையாளர் நண்பர் விளக்கினார். டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே சோதிக்கப்படுவது ஆவணம். இல்லம் இருக்கிறதா, அதில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தர்ப்பண் என்பது தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரங்களைத் தாங்களே பதிந்துகொள்ளும் தளம். அந்த எண் தரச் சான்று கிடையாது. ஆனால் போனில் சொல்லும்போது அது “சென்ட்ரல் கவர்மென்ட் அப்ரூவ்டு” ஆகிவிடுகிறது. குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லத்துக்குத் தேவைப்படுவது முற்றிலும் வேறு பதிவு. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். எங்களுக்கு அனுப்பிய அத்தனை காகிதங்களில் அந்தப் பதிவுச் சான்று மட்டும் இல்லை.

பணம் வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதியை யூபிஐயில் அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் டிரஸ்டின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர் வந்தது. எங்கள் பொருளாளர் கேட்டதற்கு, “அது எங்க ஃபவுண்டர் பேரு சார், டிரஸ்ட் அக்கவுன்ட்ல கேஒய்சி அப்டேட் போயிட்டிருக்கு” என்று பதில். மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ள பைக்கில் ஒரு பையன் வந்தான். அவன் கொடுத்த ரசீதுகள் ஒவ்வொன்றும் 1,900, 1,950 என்று துண்டு துண்டாக இருந்தன. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80ஜி வரிக்கழிவு கிடையாது என்பது 2017இலிருந்து நடைமுறை. “உங்க நல்லதுக்குத்தான் சார் பிரிச்சுப் போட்டிருக்கேன்” என்றான் அந்தப் பையன்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. அன்று காலையிலேயே படம் வந்துவிட்டது. புதுச்சட்டை, புதுப்பாவாடை போட்ட குழந்தைகள் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமிக்கு இடது முழங்கையில் கட்டு. எங்கள் குழுவில் எல்லோரும் கைகூப்பும் சின்னம் போட்டார்கள். அந்த அக்காவிடம் நானே போனைக் காட்டினேன். “கையில என்ன ஆச்சாம் பாப்பாவுக்கு?” என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னையில் பாதி இடங்கள் மூழ்கிக் கிடந்தன. எங்கள் தரைத்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. அதை இறைத்துத் துடைத்து முடித்த கையோடு, தரைத்தளத்து வீட்டுக்காரருக்கு ஓர் அழைப்பு. வேறு எண், வேறு டிரஸ்ட் பெயர். வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உடை வழங்குகிறோம், உதவுங்கள் என்று ஒரு படம். அதே இரண்டு வரிசை, அதே சட்டைகள், இடது முழங்கையில் கட்டுப் போட்ட அதே சிறுமி.

முதல் டிரஸ்டுக்குப் போன் செய்து, இல்லத்துக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்றோம். அதுவரை அவ்வளவு இனிமையாக இருந்த பேச்சு மாறியது. பசங்க ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. இப்ப பரீட்சை நேரம். அப்புறம், “சிடபிள்யூசி ரூல்ஸ் மேடம், வெளியாட்களை உள்ள விடக்கூடாது.”

இந்தப் பதிலில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல இல்லங்கள் யாரையும் நினைத்த நேரத்தில் குழந்தைகளோடு பழக விடுவதில்லை. அவர்கள் சொன்ன சிடபிள்யூசி, அதாவது குழந்தைகள் நலக் குழு, அதைக் கவனிக்கவும் செய்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பாதுகாப்பைக் காரணம் காட்டி எங்களை வாசலில் நிறுத்தியவர்கள்தான், குழந்தைகளின் முகங்களை முன்பின் தெரியாதவர்களின் போன்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒழுங்காக நடக்கும் இல்லத்தில் இது நேர்மாறாக இருக்கும் என்று பின்னால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அங்கே படம் கேட்டால் மறுப்பார்கள், நேரில் வருகிறோம் என்றால் நாளும் நேரமும் சொல்வார்கள். அலுவலக அறையில் உட்காரவைத்து, கணக்கையும் பதிவுச் சான்றையும் மேசையில் எடுத்து வைப்பார்கள். குழந்தைகளைக் காட்டாவிட்டாலும் சமையலறையைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால், வேறெந்தக் காகிதத்தையும்விட இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ரசீதில் இருந்த முகவரிக்கு நாங்கள் சிலர் போனோம். ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி. இரண்டு அறைகள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, அச்சடித்த பட்டியலைப் பார்த்துப் போன் செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் இருக்கும் சுவடே இல்லை. மேலாளர் என்று வந்தவர் முதலில் உட்காரச் சொன்னார், பிறகு போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கீழே இறங்கும்போது, அங்கே வேலை செய்யும் ஒரு பெண் படிக்கட்டில் மெதுவாகச் சொன்னார்: “எங்களுக்கு மாசச் சம்பளமும், வாங்கித் தர்ற பணத்துல இன்சென்டிவும்தான்கா. ஹோம் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது.” அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடி அங்கே வந்து சேர்ந்தவர். கோபமெல்லாம் அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுத்தவர்கள் மேல்தான்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அரசு அலுவலகம் உண்டு. அங்கே கேட்டோம். அந்தப் பெயரில் பதிவு பெற்ற இல்லம் எதுவும் தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு விசாரிப்பு போதுமானதாக இருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், சைபர் குற்றத் தளத்திலும் பதிந்தோம். நீங்கள் விரும்பிக் கொடுத்த பணம், ரசீதும் கையில் இருக்கிறது, ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க நாளாகும் என்றார்கள். புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பணம் வரவில்லை.

80ஜி கதையையும் முடித்துவிடுகிறேன். 2021–22 நிதியாண்டிலிருந்து, நன்கொடை வாங்கிய நிறுவனம் கொடுத்தவர்களின் விவரத்தை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். நாங்கள் கொடுத்த நிதியாண்டுக்கு அது 2024 மே 31க்குள் வந்திருக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது என்பதால் பலர் இதைக் கேட்பதே இல்லை, அது இவர்களுக்கு வசதியாகப் போகிறது. வரிக்கழிவு வேண்டாம் என்றாலும் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த பணம் அரசாங்கக் கணக்கில் அவர்கள் பெயருக்கு நேரே ஏறியதற்கு அதுதான் அத்தாட்சி. கொடுப்பதற்கு முன்பே, வருமான வரித் துறையின் தளத்தில் விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயரும் பான் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.

பெரிய பெயர்களை வைத்தும் இது நடக்கும். 2020இல் பிரதமரின் கொரோனா நிதி அறிவிக்கப்பட்ட உடனேயே, உண்மையான யூபிஐ முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, பார்த்தால் அசல் போலவே இருக்கும் போலி முகவரிகள் முளைத்தன. வெள்ளம், புயல் என்று வந்தால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி பெயரிலும் ஃபார்வர்டுகள் சுற்றும். அரசு தளத்தைத் திறந்து, அங்கே இருக்கும் கணக்கு எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள்.

எங்கள் குடியிருப்பில் கொடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்த ஹார்டுவேர் கடை மாடிக்காரர்களால் நஷ்டப்படுவது உண்மையான இல்லங்களாக இருந்திருக்கும். மாற்றியது நேரத்தை. இப்போது இடத்தை ஜூன் மாதத்திலேயே முடிவு செய்கிறோம். இப்போது நாங்கள் உதவும் இல்லத்தின் வார்டன் அம்மா சொன்னது இது: “தீபாவளி அன்னிக்கு மூணு இடத்துல இருந்து பிரியாணி வருதும்மா, ராத்திரி மீந்து போகுது. ஜூன்ல நோட்டு வாங்க, ஷூ வாங்க ஆள் தேட வேண்டியிருக்கு.” அதனால் பாதிப் பணம் பள்ளி திறக்கும்போது போகிறது. மீதி தீபாவளிக்கு, அவர்கள் எழுதித் தரும் பட்டியல்படி. அதில் ஒரு வருடம் வாஷிங் மெஷின் இருந்தது, ஒரு வருடம் கொசுவலை. கடைக்கு நாங்களே நேரடியாகப் பணம் கட்டிவிடுகிறோம்.

எங்கே கொடுப்பது என்று தெரியாதவர்கள், போன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் இருக்கிறது. அவரே முன்னின்று உருவாக்கி 1954இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகவும் சலுகையிலும் சிகிச்சை தருகிறது. வீடில்லாமல் தெருவில் இருக்கும் மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 1993இல் தொடங்கிய ‘பேனியன்’ இருக்கிறது. முகவரி ஊரறிந்தது, யாரும் போய் விசாரிக்கலாம். இவற்றைச் சொல்வதால் சின்ன இல்லங்களைத் தள்ளிவிடுங்கள் என்று அர்த்தம் இல்லை. விளம்பரமோ இணையதளமோ இல்லாமல், பதிவும் கணக்கும் சரியாக வைத்துக்கொண்டு நடத்துபவர்கள் எத்தனையோ பேர். குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால், உங்கள் பக்கத்தில் இருக்கும் பதிவு பெற்ற இல்லங்களைச் சொல்வார்கள்.

இதுபோன்ற அழைப்பு உங்களுக்கு வந்தால், இல்லத்தின் சிறார் நீதிச் சட்டப் பதிவு எண்ணைக் கேளுங்கள், எந்த நாளில் நேரில் வரலாம் என்று கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பதிவில்லாத இடத்தில் உண்மையிலேயே குழந்தைகளை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், குழந்தைகள் உதவி எண் 1098.

அந்தப் படத்தை இங்கே போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். போடப் போவதில்லை. அதில் நிற்கும் குழந்தைகள் எந்தப் பள்ளியிலோ எந்த ஊரிலோ படம் எடுக்கப்பட்டவர்கள், தங்கள் முகத்தை வைத்து வசூல் நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முன்வரிசையில் முழங்கைக் கட்டோடு ஒரு சிறுமி நிற்கும் படம் உங்களுக்கும் வந்திருந்தால், யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அழித்துவிடவும் வேண்டாம். அனுப்பிய எண், தேதி, பணம் கட்டிய ரசீதோடு உங்கள் பகுதி சைபர் குற்றப் பிரிவில் புகாராகக் கொடுங்கள். தனித்தனியாக நிற்கும் புகார்கள் ஒன்று சேர்ந்தால்தான் வழக்கு நகரும் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.