அறையை வாடகைக்கு விட்டால் பென்ஷன் நின்றுபோகுமா? சாசா முதியோர் உதவித்தொகை: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் கட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனதும் அந்த அறை காலியாகிறது. ஒரு ஆளை வைத்தால் மாதாமாதம் வாடகை வரும். ஆனால் ‘சாசாவுக்குத் தெரிந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்’ என்ற பயம். சாசா என்பது அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் நிறுவனம்; பென்ஷன் என்று பேச்சில் சொல்வது அதன் முதியோர் உதவித்தொகையை. அதனால் சிலர் அறையைப் பூட்டியே வைக்கிறார்கள். சிலர் ஆளை வைத்துவிட்டு வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது வழிதான் ஆபத்து. வாடகை வாங்குவது குற்றமில்லை. வாங்குவதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

இந்த முதியோர் உதவித்தொகைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். விண்ணப்பிக்கக் காசு கிடையாது, ஏஜென்ட் யாரும் தேவையில்லை. முடிவு வர மூன்று மாதம் வரை ஆகலாம். ஆனால் அனுமதி கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். இது பெரிய நன்மை. ஒன்றரை மதிப்பெண்ணை ஏன் குறைக்கிறோம் என்பது கணக்கைப் பார்த்தால் புரியும்.

2025 ஏப்ரலில் முதியோர் உதவித்தொகை மாதம் 2,315 ரேண்ட் ஆனது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 2,335. தனி ஆளுக்கு வருட வருமானம் 107,880 ரேண்டைத் தாண்டக் கூடாது, அதாவது மாதம் 8,990. கணவன் மனைவி என்றால் இருவர் வருமானத்தையும் சேர்த்து 215,760. இது 2025-இல் இருந்த அளவு. அறை வாடகையும் இந்தக் கணக்கில் சேரும்.

தனியாக இருக்கும் ஒரு ஆயாவுக்கு (பாட்டிக்கு) பழைய கம்பெனி பென்ஷன் மாதம் 4,000 ரேண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 48,000. ஒரு அறையை 2,500-க்கு விட்டால் 30,000 கூடும். மொத்தம் 78,000, வரம்புக்குள் இருக்கிறது. இரண்டாவது அறையையும் அதே வாடகைக்கு விட்டால் மொத்தம் 108,000. வரம்பைவிட 120 ரேண்ட்தான் அதிகம். அந்த 120 ரேண்டுக்காக உதவித்தொகைக்கான தகுதியே போகிறது (முழுத் தொகை என்றால் வருடம் 27,780 ரேண்ட்). இந்தச் செங்குத்தான விளிம்புக்குத்தான் நாங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தோம். இப்படி விளிம்பில் நிற்பவர்கள் இரண்டாவது அறைக்கு 2,500 கேட்காமல் 2,300 வாங்குவது லாபமாக இருக்கலாம். வரம்புக்குள் இருந்தாலும் வருமானம் ஏற ஏற முழுத் தொகை கிடைக்காமல் குறைந்த தொகை வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொத்துக் கணக்கு இன்னொரு பக்கம். நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்தாகச் சேர்ப்பதில்லை. பின்னால் ஒரு அறையில் ஆள் இருந்தாலும் நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள். ஆனால் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிக்கொண்டு முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால் கதை மாறிவிடும். வீட்டின் மதிப்பு சொத்தாகவும் வாடகை வருமானமாகவும் வரும். 2025-இல் தனி ஆளுக்குச் சொத்து வரம்பு 1,524,600 ரேண்டாக இருந்தது. முனிசிபாலிட்டி போட்ட மதிப்புத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பலருக்குத் தெரியாத இடம் பேரப்பிள்ளைகளின் பணம். குழந்தை உதவித்தொகை 2025 ஏப்ரலில் 560 ரேண்ட். வளர்ப்பவர் தனி ஆளானால் அப்போது மாத வருமானம் 5,600-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. முன்பு சொன்ன அதே ஆயா பேத்தியையும் வளர்க்கிறார் என்றால், ஒரு அறை வாடகையோடு அவர் வருமானம் 6,500 ஆகிவிடுகிறது. அவர் பென்ஷனுக்கு ஆபத்தில்லை, பேத்தியின் பணத்துக்கு ஆபத்து. ஒரு வீட்டில் இரண்டு உதவித்தொகை இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்ட பிறகுதான் அறைக்கு விளம்பரம் வைக்க வேண்டும்.

அடுத்த தப்பு, வாடகையை வேலையில்லாத மகன் கணக்கில் போடச் சொல்வது. மகன் 370 ரேண்ட் எஸ்.ஆர்.டி. (வருமானமில்லாதவர்களுக்கான உதவித்தொகை) வாங்குபவரானால், மாதம் 624 ரேண்டுக்கு மேல் கணக்கில் வரவு இருந்தாலே அந்த மாதம் மறுத்துவிடுவார்கள். 2,500 வந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். வாடகை வீட்டுக்காரர் கணக்கில்தான் வர வேண்டும், வருமானமும் அவர் பெயரில்தான் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் ‘ஆள் வைத்தால் ஒன்றும் குறையாது’ என்று போனில் சொல்வார்கள். அங்கே யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் வீட்டோடு தங்குபவர் தரும் வாடகையைச் சேர்ப்பதில்லை, அது உண்மைதான். இங்கே அப்படி ஒரு விலக்கு கிடையாது.

2025 நடுவில் வேறு வருமானம் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் சுமார் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பணத்தைச் சாசா தாமதப்படுத்தி, நேரில் வந்து விளக்கச் சொன்னது. வங்கித்தாளில் மகன் மருந்துக்கு அனுப்பிய பணம், சீட்டுப் பணம், அறை வாடகை எல்லாம் ஒரே மாதிரி வரவாகத்தான் தெரியும். அதனால் பணம் போடுபவர்களிடம் குறிப்பில் ‘ரூம் வாடகை மே’ என்று எழுதச் சொல்லுங்கள். மகன் அனுப்பும் பணத்துக்கு ‘மருந்து’ என்று எழுதச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் ரசீதுப் புத்தகம் வாங்கி, தேதி, முகவரி, எந்த மாதத்துக்கு என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு நகலை வையுங்கள். எழுத்து ரசீது கொடுப்பது 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் கடமையும்கூட.

டெபாசிட்டில் கவனம் தேவை. முதல் மாதம் ஆள் 2,500 வாடகையும் 2,500 டெபாசிட்டும் சேர்த்துப் போடுவார். வங்கித்தாளில் 5,000 தெரியும். டெபாசிட் உங்கள் பணமில்லை. வட்டி வரும் தனிக் கணக்கில் வைத்து, ஆள் போகும்போது வட்டியோடு திருப்ப வேண்டும். தனிக் கணக்கில் இருந்தால் சாசாவிடமும் ஒரே வார்த்தையில் விளக்கிவிடலாம். மின்சாரமும் அப்படித்தான். ஒரே பிரீபெய்டு மீட்டர் என்றால் ஒப்பந்தத்தில் ‘வாடகை 2,200, மின்சாரம் 300’ என்று பிரித்து எழுதுங்கள், கூப்பன் சீட்டுகளைக் கவரில் போட்டு வையுங்கள்.

ஆள் வந்த பிறகு சாசாவிடம் சொல்லப் போகும்போது அடையாள அட்டை, மூன்று மாத வங்கித்தாள், வாடகை ஒப்பந்தம், வேறு பென்ஷன் இருந்தால் அதன் தாள், முகவரிச் சான்று எடுத்துப் போங்கள். ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) செய்யலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. தாள் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்குங்கள். பின்னால் ‘சொல்லவில்லையே’ என்று கேள்வி வந்தால் அதுதான் சாட்சி. போன் நம்பர் மாறியிருந்தால் அன்றே மாற்றிக்கொடுங்கள். நடக்க முடியாதவர்கள் தங்கள் சார்பில் ஒருவரை நியமிக்கலாம்.

வரி விஷயம் சுருக்கமாக: உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை, வாடகைக்கு உண்டு. 2025-26 வரி ஆண்டில் 65 முதல் 74 வயதுவரை 148,217 ரேண்டுக்குள் வரி வரவில்லை. 60 முதல் 64 வயதுக்காரர்களுக்கு அந்த ஆண்டு எல்லை 95,750-தான். அதாவது பென்ஷன் வரம்புக்குள் இருந்துகொண்டே வரி கட்டும் நிலை வரலாம்.

பணத்தைக் குறைத்தோ நிறுத்தியோ கடிதம் வந்தால், தெரியவந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். ரசீதுகளையும் வங்கித்தாளையும் மாதவாரியாக அடுக்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆள் காலி செய்துவிட்டால் அதையும் சொல்லுங்கள். வாடகை நின்றபின் பழைய வருமானத்தை வைத்தே கணக்குப் பார்க்க விடக் கூடாது. வாடகை தராத ஆளைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்பதால், வராத மாதங்களையும் ரசீதுப் புத்தகத்தில் ‘வரவில்லை’ என்று தேதியோடு குறித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் சாசாவின் இலவச எண் 0800 60 10 11. பேசியவர் பெயரையும் நேரத்தையும் அதே புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.