மீன் எண்ணெய் மாத்திரையும் இரும்புச்சத்து சிரப்பும்: ஏடிஎச்டி பையனுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம்

"ஒமேகா-3 பாதி விலைக்கு வந்திருக்கு, பாப்பாவுக்கு வாங்கட்டுமாக்கா?" என்று ஒரு தோழி கேட்டிருக்கிறாள். அவள் மகளுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) என்று சமீபத்தில்தான் உறுதி செய்திருக்கிறார்கள். என் மகனுக்கு உறுதியாகி வருடங்கள் ஆகிவிட்டன. இதற்குள் எங்கள் வீட்டுக்குள் வந்துபோன பாட்டில், பொடி, லேகியம் எல்லாவற்றையும் பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறாள். வாட்ஸப்பில் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏடிஎச்டி என்றால் என்ன, அது வளர்ப்புக் கோளாறா என்பதற்குள் போகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். என் மகன் டாக்டர் சொல்லி மெத்தில்பெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்தை எடுக்கிறான். கீழே சொல்லப்போகும் எதுவும் அதற்குப் பதிலாகக் கொடுத்தது இல்லை. அதோடு சேர்த்து, டாக்டருக்குத் தெரிந்து கொடுத்தவை.

முதலில் மீன் எண்ணெய். தோழி கேட்ட ஒமேகா-3 இதில் இருக்கும் கொழுப்புதான். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு: பாட்டிலின் முன்பக்கம். கட்டைவிரல் அகலத்துக்கு '1000 மி.கி' என்று அச்சடித்திருப்பார்கள். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் பொடி எழுத்தில் ஈபிஏ 180 மி.கி, டிஹெச்ஏ 120 மி.கி என்று இருக்கும். இவை இரண்டும்தான் மீன் எண்ணெயின் ஒமேகா-3 வகைகள். சாதாரண மீன் எண்ணெய் காப்ஸ்யூல் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஆயிரம் என்பது எண்ணெயின் எடை. கவனக்குறைவு சம்பந்தமாக ஆராய்ச்சிகள் முக்கியமாகப் பார்ப்பது ஈபிஏவை. அது ஆயிரத்தில் 180தான்.

இது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். 2019-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் தைவான் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் 92 பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். 12 வாரம் தினமும் 1.2 கிராம் ஈபிஏ கொடுத்தார்கள். நம் ஊர் காப்ஸ்யூலில் அந்த அளவை எட்ட நாளைக்குக் கிட்டத்தட்ட ஏழு காப்ஸ்யூல் விழுங்க வேண்டும். அறுபது காப்ஸ்யூல் பாட்டில் ஒன்பது நாள்கூட வராது. பாட்டிலிலோ 'தினம் ஒன்று' என்று போட்டிருக்கும். ஆய்வில் கொடுத்த அளவில் ஏழில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, டப்பாவில் மட்டும் 'கவனம், கூர்மை' என்று எழுதுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை எந்த விளம்பரமும் சொல்லாது. ரத்தத்தில் ஈபிஏ ஆரம்பத்திலேயே குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கவனம் மேம்பட்டது. ஏற்கெனவே போதுமான அளவு இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அவசரப்பட்டுச் செயல்படும் விஷயத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த பிள்ளைகளைவிடப் பின்தங்கியும் போனார்கள். நல்லதுதானே, கொஞ்சம் கூடுதலாகப் போனால் என்ன என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் 10 ஆய்வுகள், 699 பிள்ளைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒமேகா-3க்கு 0.31 என்ற அளவில் சிறிய பலன் தெரிந்தது. ஈபிஏ கூடக்கூடப் பலனும் கூடியது. அது பூஜ்யம் இல்லை. ஆனால் 2018-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய ஒப்பீட்டில் பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட்டின் பலன் அதே மாதிரியான அளவுகோலில் 0.78. பிறகு 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு ஒமேகா-3 போன்ற கொழுப்புகள் பற்றிய 37 ஆய்வுகளை, 2,300க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்து அலசியது. பெற்றோர் போட்ட மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் கவனக்குறைவிலும் துறுதுறுப்பிலும் வித்தியாசம் இல்லை என்று உறுதியாகவே சொன்னது. டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் எழுதும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-லேயே, பிள்ளைகளின் ஏடிஎச்டி சிகிச்சைக்கு இந்தக் கொழுப்பு மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு எழுதிவிட்டது.

பொருளாகப் பார்த்தால் மீன் எண்ணெயில் பெரிய குறை இல்லை. என் பையன் அடம் பிடிக்காமல் விழுங்கினான். வெறும் வயிற்றில் கொடுத்தால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை மீன் ஏப்பம் வரும், இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுத்தால் வராது. ஒரு காப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பாருங்கள். லேசான மீன் வாசனை இருந்தால் பரவாயில்லை. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போன்ற கசப்பு நெடி அடித்தால் எண்ணெய் கெட்டுப்போய்விட்டது, கொடுக்காதீர்கள். மீன் சாப்பிடும் வீடாக இருந்தால் 100 கிராம் மத்தி மீனில் ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிராம் கிடைக்கும். எங்கள் வீட்டில் வாரம் இருமுறை மத்திக் குழம்பு வைக்கிறோம். சைவக்காரர்களுக்கு ஆளி விதையைச் சொல்வார்கள். அதிலிருப்பது வேறு வகை ஒமேகா-3, உடம்பு அதை ஈபிஏவாக மாற்றுவது மிகக் குறைவு.

சரி, உன் பையனுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்பீர்கள். தெரிந்த மாதிரி இருந்த வாரங்கள் உண்டு. அந்த 'மாதிரி'யை நான் நம்புவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சர்க்கரை சாப்பிட்டாலே என் பையன் ஆட ஆரம்பித்துவிடுவான் என்று சொன்ன 35 தாய்மார்கள், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இருந்த அவர்களுடைய பையன்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம்தான். பாதித் தாய்மார்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். அவர்கள் தங்கள் பிள்ளை அதிகமாக ஆடுவதாக மதிப்பெண் போட்டார்கள், பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள். பெற்ற கண்ணுக்கு எதிர்பார்ப்பு இருக்கும், அது இயல்பு. அதனால்தான் 'என் பையன் ஒரே வாரத்தில் மாறிவிட்டான்' என்று எழுதும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆசிரியருக்குச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அவரிடம் கேட்டால் ஓரளவு உண்மை தெரியும். எங்கள் ஆசிரியர் எந்த மாற்றத்தையும் சொல்லவில்லை.

இப்போது இரும்புச்சத்துக்கு வருகிறேன். எனக்கு எதிர்பாராத சந்தோஷம் கொடுத்தது இதுதான்.

பையன் இரவில் தூங்க வெகு நேரமாகும். படுத்த பிறகும் காலை உதறிக்கொண்டே இருப்பான், போர்வை ஒரு பக்கம் கிடக்கும், தலையணை ஒரு பக்கம் கிடக்கும். காலையில் எழுப்புவது தினமும் ஒரு யுத்தம். அதை ஏடிஎச்டியின் பகுதி என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு டாக்டரம்மா மட்டும் "கால் எப்படி உதறுகிறான், காட்டுங்கள்" என்று கேட்டார். பிறகு ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது. ஃபெரிட்டின் 11. உடம்பில் சேமித்து வைத்த இரும்பு கிட்டத்தட்டக் காலி என்று அர்த்தம். ரத்தசோகை வருவதற்கு முன்பே இந்தச் சேமிப்பு கரைந்துவிடும். மூளையில் டோபமைன் தயாராக இரும்பு வேண்டும். ஏடிஎச்டி மருந்துகள் வேலை செய்வதே அந்த டோபமைன் வழியில்தான்.

2004-ல் பாரிஸில் நடந்த ஆய்வில் ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் 84 சதவீதம் பேருக்கு ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தது, மற்றப் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கு. அதே குழு 2008-ல் ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்த 23 பிள்ளைகளுக்கு 12 வாரம் சோதனை நடத்தியது. சிலருக்கு இரும்பு மாத்திரை, சிலருக்கு வெற்று மாத்திரை. இரும்பு எடுத்தவர்களிடம் டாக்டர்கள் போடும் மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரிந்தது, பெற்றோர், ஆசிரியர் மதிப்பெண்ணில் அவ்வளவு தெளிவாக இல்லை. 23 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு இரும்புச்சத்து ஏடிஎச்டியைக் குணமாக்கும் என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21 சொல்கிற நாட்டில் இருந்துகொண்டு, கவனமில்லாத பிள்ளைக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் மூளை டானிக் விற்பது எனக்குக் கொதிப்பாக இருக்கிறது.

சிரப் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. துருப்பிடித்த ஆணியை நக்கியது மாதிரி இருக்கிறது என்று பையன் முகத்தைச் சுளித்தான். பல்லில் கறை பிடிக்கும், ஸ்ட்ரா போட்டு நாக்கின் பின்பக்கம் இறக்க வேண்டும், உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். பால், டீ பக்கத்திலேயே வரக் கூடாது, எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து என் மாமியார் பதறிவிட்டார். இரும்பு கொடுத்தால் அப்படித்தான் போகும் அத்தை என்று சொன்ன பிறகும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சில வாரங்களில் கால் உதறுவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. படுத்தால் தூங்குகிறான். காலையில் இரண்டு முறை கூப்பிட்டால் எழுந்து வருகிறான், அழுகை இல்லை, அடம் இல்லை. வீட்டுப்பாடத்தில் உட்காரும் நேரம் கூடியதா? இல்லை. அதற்கு மெத்தில்பெனிடேட்டும், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதும்தான் இன்றும் கைகொடுக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டுக் காலை நேரம் மாறிவிட்டது. அதன் அருமை, அந்தக் காலைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

துத்தநாகத்தின் கதையும் இதே போலத்தான். துருக்கியிலும் ஈரானிலும் 2004-ல் வந்த ஆய்வுகள் நல்ல முடிவைக் காட்டின, 2011-ல் அமெரிக்காவில் தனியாகக் கொடுத்துப் பார்த்ததில் வெற்று மாத்திரையைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. குறைபாடு உள்ள ஊரில் நிரப்பினால் பலன் தெரியும், இல்லாத ஊரில் தெரியாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூலிகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர்ப்பிரமி வேறு, வல்லாரை வேறு. நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது கவனம். நீர்ப்பிரமிச் சாற்றை ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுப் பையன்களுக்கு 14 வாரம் கொடுத்துப் பார்த்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். துறுதுறுப்பும் கவனக்குறைவும் குறையவில்லை, தூக்கத்திலும் சில மனத்திறன் சோதனைகளிலும் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. குங்குமப்பூ பற்றித் தெஹ்ரானில் 54 பிள்ளைகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வை எல்லோரும் அனுப்புகிறார்கள். அது மெத்தில்பெனிடேட்டுக்கு ஈடாக வேலை செய்ததாகச் சொல்கிறது. வெற்று மாத்திரைக் குழு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை, ஆறே வாரம் நடந்தது. என் மாமியார் அரைக்கும் வல்லாரைத் துவையலுக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. அது சாப்பாடு. தோசைக்கு நன்றாக இருக்கும்.

பயப்பட வேண்டியது பெயர் தெரியாத சூரணங்களுக்கும் பஸ்பங்களுக்கும்தான். உறவினர் ஒருவர் எங்களுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் கவனத்தைக் கெடுக்கும் நஞ்சு. கவனத்துக்கு என்று கொடுத்த பொடியில் அது இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை.

'இங்கிலீஷ் மருந்து கொடுத்தால் மூளை மழுங்கிவிடும், இயற்கையாகப் பார்' என்று சொல்பவர்களிடம் இப்போதெல்லாம் ஒன்றுதான் கேட்கிறேன்: பாட்டிலின் பின்பக்கம் படித்தீர்களா? நம் நாட்டு விதிப்படி சப்ளிமெண்ட் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டே ஆக வேண்டும். அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, தோழிக்கு என் பதில் இது. மீன் எண்ணெய் வாங்காதே. பெரிய கெடுதல் இல்லை, நல்ல எண்ணெய்தான், என் பையனுக்குப் பிடித்தும் இருந்தது, இருந்தாலும் அந்த முன்பக்க ஆயிரத்துக்கு என் கையால் இனி காசு கொடுக்க மாட்டேன், உன்னையும் கொடுக்க விட மாட்டேன். இரும்பு சிரப்பை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், அதையும் நீயாக வாங்காதே. தேவையில்லாத பிள்ளைக்கு இரும்பு விஷம், பாட்டில் கைக்கு எட்டி ஒரு குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் அது பூட்டிய அலமாரியில்தான் இருக்கிறது. அளவை எடை பார்த்து டாக்டர் எழுத வேண்டும், எப்போது நிறுத்துவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பாப்பா இரவில் எப்படித் தூங்குகிறாள் என்பதை முதலில் சொல். ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று கேள், கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி சோதனையும் எழுதித் தரச் சொல். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டாம். அப்போது ஃபெரிட்டின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், குறை இருப்பது தெரியாமலே போய்விடும்.