போர்ஃபிரினுக்குள் எந்த உலோகம்: துத்தநாகமா, பிளாட்டினமா, ஓரத்தில் தொங்குவதா?

போர்ஃபிரின் என்பது ஒளியை விழுங்கும் ஒரு வளைய மூலக்கூறு; அதன் நடுவில் ஓர் உலோக அணு உட்காரலாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீரில் உள்ள சாயத்தை ஒளியால் சிதைப்பதை மனதில் வைத்துப் போர்ஃபிரின் புராஜெக்ட் எடுக்கும் எம்.எஸ்சி. பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த உலோகம் போடலாமுங்க சார்?" என்றுதான். கனமான உலோகமாகப் போட்டால் எல்லாம் நன்றாக நடக்கும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அது பாதி சரி.

ஒளி பட்டதும் போர்ஃபிரின் சிங்லெட் நிலைக்கு, அதாவது எலக்ட்ரான் ஜோடியின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருக்கும் உயர் ஆற்றல் நிலைக்கு, ஏறுகிறது. அங்கிருந்து ஒளியை உமிழ்ந்து இறங்கலாம் (இதுதான் ஃப்ளூரசன்ஸ்), அல்லது எலக்ட்ரானின் தற்சுழற்சி புரண்டு, இரண்டும் ஒரே திசையில் இருக்கும் டிரிப்லெட் நிலைக்கு நழுவலாம். இந்தப் புரளலுக்கு விதிப்படி அனுமதி இல்லை. கனமான அணுக்கரு பக்கத்தில் இருந்தால் விதி தளர்கிறது. உலோகமே இல்லாத டெட்ராஃபீனைல் போர்ஃபிரின் விழுங்கும் நூறு ஃபோட்டானில் பதினொன்று போல ஃப்ளூரசன்ஸாகத் திரும்பி வரும். சிங்லெட் ஆயுள் 10 நானோ நொடி அளவு. துத்தநாகம் உட்கார்ந்ததும் பதினொன்று மூன்றாகிறது, ஆயுள் 2 நானோ நொடிக்கு இறங்குகிறது. மீதியில் பெரும்பங்கு டிரிப்லெட்டுக்குப் போகிறது. பல்லேடியம், பிளாட்டினம் என்றால் ஏறக்குறைய எல்லாமே டிரிப்லெட்தான்.

அப்படியானால் எடைதான் கணக்கா? துத்தநாகத்தின் அணு எண் 30, தாமிரத்துக்கு 29. பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனாலும் தாமிரப் போர்ஃபிரினில் ஃப்ளூரசன்ஸ் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் தாமிரத்தில் ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. நிக்கல் இன்னும் மோசம்: அதன் டி ஆர்பிட்டால்கள் (உலோகத்தின் சொந்த எலக்ட்ரான் இருப்பிடங்கள்) வழியாக ஆற்றல் பிகோ நொடிகளில் வடிந்து வெப்பமாகிவிடும். ஒளி வேலைக்கு நிக்கலை எடுக்கவே வேண்டாம்.

பிளாட்டினத்தின் குணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரைசலைக் குப்பியில் ஊற்றி யூவி விளக்கின் கீழ் வைத்தால் மங்கலாகத்தான் தெரியும். நைட்ரஜனைக் கொஞ்ச நேரம் குமிழவிட்டால் பளிச்சென்று சிவப்பாக எரியும். மூடியைத் திறந்து குலுக்கினால் மறுபடி மங்கும். டிரிப்லெட்டிலிருந்து வரும் பாஸ்பரசன்ஸ் அது. அதை அணைப்பது ஆக்சிஜன். பிளாட்டினத்தில் இந்த ஆயுள் பல பத்து மைக்ரோ நொடி, பல்லேடியத்தில் நூற்றுக்கணக்கில். நீண்ட ஆயுள் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காத்திருக்கும் நேரம் கூடக்கூட ஆக்சிஜனிடம் மாட்டும் வாய்ப்பும் கூடும். அதனால் மிகக் குறைந்த ஆக்சிஜனை அளக்கப் பல்லேடியம், கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் மாதிரி அளவுக்குப் பிளாட்டினம். ஒளிமுறை ஆக்சிஜன் சென்சார்களில் பிளாட்டினம் போர்ஃபிரின் புழங்குவது இதனால்தான். 1998இல் பாஸ்பரசன்ட் ஓஎல்இடி (மின்சாரத்தில் ஒளிரும் கரிமப் படல விளக்கு) என்று வந்ததும் பிளாட்டினம் ஆக்டாஎத்தில் போர்ஃபிரினை வைத்துத்தான்.

மூன்றாவது வழி, உலோகத்தை நடுவில் வைக்காமல் ஓரத்தில் தொங்கவிடுவது. வளையத்தின் நான்கு முனையிலும் பிரிடில் (ஒரு நைட்ரஜன் உள்ள சிறு வளையம்) இருந்தால், அதன் நைட்ரஜனில் ருத்தேனியத்தையோ பிளாட்டினத்தையோ மாட்டலாம். நடு இடம் காலியாகவே இருக்கும், வேண்டுமானால் அங்கே துத்தநாகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரிடில் வளையம் போர்ஃபிரின் தளத்துக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் திரும்பி நிற்பதால் எலக்ட்ரான் கலப்பு குறைவு. கன அணுவின் பிடி தளர்வாகவே விழும்: ஃப்ளூரசன்ஸ் குறையும், சாகாது. செல்லுக்குள் போன மருந்தை ஃப்ளூரசன்ஸில் பார்க்கவும் வேண்டும், ஒளியால் வேலை வாங்கவும் வேண்டும் என்பவர்களுக்கு இது தோது. சாயத் தண்ணீருக்கு எதற்கு இந்தச் செலவு?

தயாரிப்பிலும் வித்தியாசம் இருக்கிறது. துத்தநாகத்துக்கு அசிடேட் உப்பைப் போட்டு மிதமாகச் சூடாக்கினால் போதும். பிளாட்டினத்துக்கு அதன் குளோரைடை, 191 டிகிரியில் கொதிக்கும் பென்சோநைட்ரைலில் மணிக்கணக்காக வேக வைக்க வேண்டும். "கட்டுப்படியாகுமுங்களா?" என்று கேட்டால், சாயத்தைச் சிதைக்கக் கட்டுப்படியாகாது. அங்கே வேண்டியது சிங்லெட் ஆக்சிஜன்: டிரிப்லெட் போர்ஃபிரினிடம் ஆற்றலை வாங்கிக்கொண்டு சாயத்தைத் தாக்கும் ஆக்சிஜன். அதைத் துத்தநாகமே தாராளமாகக் கொடுக்கும்.

துத்தநாகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அமிலம் பட்டால் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். சாயப்பட்டறைத் தண்ணீர் சோடா ஆஷ் கலந்து காரமாக வரும்வரை கவலையில்லை. அமிலம் ஊற்றிச் சமன் செய்யும் கட்டத்துக்கு முன்பே விளக்கொளி வேலையை முடித்துவிட வேண்டும். அடர் நிறத் தண்ணீரில் ஒளி உள்ளே இறங்காது என்பதால் தொட்டி ஆழமில்லாமல் இருக்கட்டும். பிளாட்டினத்தைச் சென்சாரின் நுனிப் படலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே மில்லிகிராம் கூடத் தேவைப்படாது.